கிளெமென்றின் பெயரில் ஒரு வரி

2007 மார்ச் 9, வெள்ளி
வெள்ளவத்தையில் விடியற்காலை சுற்றிவளைப்பு. மதியம் வரை தமிழரையெல்லாம் பொலிஸ் நிலையத்தில் இருத்தி வைத்தார்கள். திரும்பி வர, வீட்டுக்கார சிவக்கொழுந்து அன்ரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.
"கொம்பனிக் கடிதம் இல்லாமல் உம்மடை பேரை இனிப் பொலிஸிலை பதியேலாது பிள்ளை. மாதம் முடிய முதல் கொண்டுவாரும், இல்லாட்டி வேறை அறை பாரும்."
வேலை நிரந்தரமானால்தான் கடிதம். கடிதம் இல்லாத தமிழ்ப் பெண்ணுக்கு யார் அறை தருவார்கள்?

மார்ச் 10, சனி
ஞாயிறு அனுப்ப வேண்டிய வேலை. ஒபிஸில் நான் மட்டும். கண் எரிகிறது.

மார்ச் 14, புதன்
லண்டன் வாடிக்கையாளரிடம் நம் புரோகிராம் உறைந்துபோய் நிற்கிறதாம். புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஒரு த்ரெட் போட்ட லொக்கை, அதாவது பூட்டை, அதே த்ரெட்தான் திறக்க வேண்டும். எங்கேயோ ஒரு வரியில் வேறொரு த்ரெட் திறக்கிறது. எங்கள் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது, அவர்களுடையது விடாது. அங்கே சோதித்துப் பார்க்காமல் அனுப்பிய நாங்கள் என்ன மண்டைகளோ!

மார்ச் 16, வெள்ளி
எந்த வரியை யார் எழுதியது என்ற பதிவை மனேஜர் றேமண்ட் திறந்து பார்த்தார். அந்த வரி பக்கத்து மேசைக் கிளெமென்றின் பெயரில். இன்றோடு அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்.
"எழுதின ஞாபகமே இல்லை பத்மா," என்றான் மேசையை ஒதுக்கிக்கொண்டே.
நான் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி. சீ.

மார்ச் 20, செவ்வாய்
பிழையைத் திருத்தும்போது அந்த வரி எழுதப்பட்ட திகதியைப் பார்த்தேன். பத்தாம் திகதி. சனி.
அன்று கிளெமென்ற் கொட்டாஞ்சேனையில், தாயின் முப்பதாம் நாள் பூசையில். என் கொம்பியூட்டர் பழுது என்று அவனுடையதில், அவன் பெயரிலேயே இருந்து எழுதியவள் நான்தான். வேறு ஒருவருக்கும் தெரியாது.
நாளை றேமண்டிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கடிதம்?

மார்ச் 21, புதன்
சொல்லவில்லை.

மார்ச் 26, திங்கள்
றேமண்டின் அறை வாசல் வரை போனேன். கூட்டத்தில் இருந்தார். திரும்பிவிட்டேன். கூட்டம் முடிய எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பொய்க்காரி.

மார்ச் 30, வெள்ளி
கடிதம் கிடைத்தது. அன்ரி இரண்டு தரம் வாசித்தார். பொலிஸில் பதிந்தாயிற்று.
பின்னேரம் கிளெமென்ற் ஃபோன் எடுத்தான். "நேர்முகத்துக்குப் போற இடமெல்லாம் ஏன் நிப்பாட்டினவை எண்டு கேக்கினம். நீர்தானே அதைத் திருத்தினது, சொல்லும். அது என்ரை பிழைதானே?"
"ஓம்," என்றேன்.
"சரி, இனிக் கவனமா எழுதுவன். என்னாலை உமக்கும் கரைச்சல். குறை நினைக்காதையும்," என்றான்.