மாவா, அம்மா?

மார்ச் 3, திங்கள்

மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இன்று என் மானத்தை வாங்கிவிட்டது. பேக்கரியில் பன்னுக்கான மாவைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தேன், அவ்வளவுதான். ‘நீங்கள் பலமாக விழுந்ததுபோல் தெரிகிறது’ என்று திரையில் எழுத்து. விழவில்லை என்றால் தொட வேண்டுமாம். இரண்டு கையிலும் பிசுபிசுவென்று மாவு. தொட்டாலும் அதற்கு உறைக்கவில்லை. மூக்கால் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் மகளுக்குப் போன் போட்டுவிட்டது.

“அம்மா! எங்க விழுந்த? அடி பட்டுச்சா?”

“விழலடி, மாவு அடிச்சேன்!” பக்கத்தில் மாவு கலக்கும் மிஷின் ஓடுகிறது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஓவன்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குரல் அப்படி நடுங்கியது.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும். அதே மாவு, அதே மேசை, அதே மூக்கு.

மார்ச் 7, வெள்ளி

“அதக் கழட்டி வச்சுட்டு வேலையப் பாருங்களேன்” என்கிறார் முதலாளி. சொல்வது சுலபம். போன வருடம் குளியலறையில் விழுந்து வெகுநேரம் கிடந்தேன். அதற்குப் பிறகு மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: தனியாக இருக்க வேண்டுமென்றால் கடிகாரம் கையில் இருக்கும், விழுந்தால் அவளுக்குப் போன் போடும் வசதியை அணைக்க மாட்டேன். இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு போய்விடுவேன்.

போய் என்ன செய்வது? அவள் ஆபீஸ் போனதும் ஒன்பதாவது மாடி ஜன்னலில் நின்று கீழே வண்டிகளை எண்ணலாம். நல்ல பெண்தான், மாப்பிள்ளையும் தங்கமானவர். அதற்காக? இந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

கடிகாரத்துக்குக் கங்காணி என்று பேர் வைத்திருக்கிறேன். மகளுக்கும் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஹலோ கூடக் கிடையாது.

“மாவா, அம்மா?”

“மாவுதான்.”

வைத்துவிடுகிறாள். இன்று மீட்டிங்கில் இருந்தாளாம். பாவம், மேலதிகாரி முன்னால் இப்படி ஒரு பேச்சு.

மார்ச் 18, செவ்வாய்

விழுந்துவிட்டேன்.

நிஜமாகவே. வேலை முடிந்து எல்லோரும் போயாச்சு. பின்வாசல் தரையைக் கழுவிவிட்டு நானே அதில் கால் வைத்தேன். முட்டி மடங்கி, தடாலென்று. மூச்சே நின்ற மாதிரி இருந்தது. கங்காணி கடமை தவறவில்லை. போன் போட்டது.

“மாவா, அம்மா?”

ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: “மாவுதான்.”

வைத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

முட்டி பன் மாதிரி உப்பியிருக்கிறது. முதலாளியிடம் ஜலதோஷம் என்றேன். நாளுக்கு ஒரு பொய்.

மார்ச் 22, சனி

வேலைக்குப் போகிறேன். நின்றால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ராணி மாதிரி தனியாக இருக்கத்தானே இவ்வளவு பாடு? ராணிக்கு மருந்து தேய்த்துவிட ஆளில்லை. மகள் என் பேச்சை நம்பிக்கொண்டிருக்கிறாள் — அதுதான் முட்டியை விட வலிக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

இன்று மாவுதான். சத்தியமாக மாவுதான்.

“மாவா, அம்மா?”

‘மாவுதான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மொத்தமும் வந்துவிட்டது. “இன்னைக்கு மாவு. போன செவ்வாக்கிழமை மாவு இல்லடி.”

“தெரியும்மா.”

“எப்படி?”

“மாவுன்னா பின்னாடி மிஷின் கத்தும். அன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல.”

“அப்ப ஏன்டி கேக்கல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. சனிக்கிழமை வரேன்.”

மாவுக் கையோடு அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை. ஓவன்காரர் தன் துண்டை நீட்டினார்.

மார்ச் 28, வெள்ளி

துணிகளைப் பெட்டியில் அடுக்கி வாசலருகே வைத்துவிட்டேன். அவள் கேட்ட பிறகு அடுக்குவதைவிடக் கேட்பதற்கு முன் அடுக்கிவிடலாம். வாக்கு வாக்குதான்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று வந்தவள் பெட்டியைப் பார்த்தாள், தாண்டி உள்ளே வந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். எலும்பு சரியாக இருக்கிறது, இரண்டு வாரம் நிற்கக் கூடாதாம். பேக்கரிக்கு வந்து பின்வாசலில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டாள். முதலாளியிடம் அவள் பேசிய தோரணையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

இன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி காலி. துணியெல்லாம் பீரோவில் பழையபடி.

“என்னடி இது?”

“விழுந்தா விழுந்தேன்னு சொல்லு. எனக்கு அது போதும்.” முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறுபடி மாவு மேசை முன்னால். முட்டிக்கு உறை, பக்கத்தில் ஒரு ஸ்டூல். முதல் அடியிலேயே கங்காணி போன் போட்டது.

“மாவா, அம்மா?”

“மாவுதான்.”

“நிஜமா?”

கையை நீட்டி, கடிகாரத்தை மிஷின் பக்கம் காட்டினேன். அது கத்தி ஓயும் வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.