ஆடியில் அருவிக்குப் போனோம்

17.7.1998, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் பிரித்து வைத்துவிட்டார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்குமாம், குடும்பத்துக்கு ஆகாதாம். காலையில் அப்பா தியாகதுருகம் வந்து, வரிசைத் தட்டை என் மாமியார் ராணியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, என்னைக் கச்சிராயபாளையம் கூட்டி வந்தார். கிளம்பும்போது அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து இட்டுக்கினு போறேன். அதுவரைக்கும் இவன் அந்தப் பக்கம் தலை வச்சிப் படுக்கக் கூடாது."

இவன் என்றது என் வீட்டுக்காரர் வீரமுத்துவை. நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பஸ் நகரும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னார். அப்பா அந்தப் பக்கம் திரும்பிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

24.7.98

டெய்லரிடம் பிளவுஸ் வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். எனக்குப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

இவர் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சியில், மோட்டார் உதிரிபாகக் கடையில். அங்கே என்ன புளுகினாரோ, பைக்கோடு நின்றார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கே என்று கேட்டேன். தியாகதுருகம் மலைக்கோட்டை என்றார். உங்க வூட்டு வாசலுக்கேவா என்றேன். "எங்க ஊர்ல எவன் அந்த மலை ஏர்றான்? வெளியூர்க்காரன்தான் வருவான்" என்றார். அது என்னவோ உண்மை. மேலே ஒரு ஈ காக்கை இல்லை. முந்தானையைத் தலையோடு போட்டுக்கொண்டு ஏறினேன். வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. இடிந்த மதில், ஒரு சுனை, ஒரு பழைய பீரங்கி. வெள்ளைக்காரன், பிரெஞ்சுக்காரன், ஐதர் அலி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் கலந்து கட்டி அடித்தார். பரீட்சையில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மதிலோரம் நின்று கீழே பார்த்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரிகிறது. அங்கே அத்தை மிளகாய் காயவைத்துக்கொண்டிருக்கிறார்! சட்டென்று நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மலையையே பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே குப்புற விழுந்தோம். அவ்வளவு தூரத்தில் ஆள் அடையாளம் எங்கே தெரியப்போகிறது, ஆனாலும் எழுந்திருக்கப் பயம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

27.7.98

இரண்டு நாளாகக் கனவில் மிளகாய்தான்.

30.7.98, வியாழன்

எழுதினால்தான் இந்த ராத்திரி கழியும்.

இந்த முறை கல்வராயன் மலை. வீட்டில் நான் சொன்னது: சிநேகிதி அமிர்தத்தோடு கோமுகி அணைப் பூங்கா. அவர் அத்தையிடம் சொன்னது: சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன், வர இரண்டு நாள் ஆகும். கடையில் சொன்னது: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் அவ்வளவு கச்சிதமாகச் செய்தோம்.

சாலையோர அருவியில் தெரிந்த முகம் இருக்கும் என்று தாண்டிப் போய், மேகம் அருவிக்கு இறங்கினோம். பைக்கைக்கூட யாரும் பார்க்கக்கூடாதென்று புதருக்குள் தள்ளி மறைத்தார். பாறை பாறையாகத் தாண்டி ஓடையின் அக்கரைக்குப் போனோம். ஆள் அரவமே இல்லை. குளித்தோம். நான் முதலில் இக்கரைக்கு வந்து, பாறை மறைவில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேலே மலை உச்சியில் மட்டும் கருத்துக் கிடந்தது.

சத்தம்தான் முதலில் வந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறம், சருகும் கிளையுமாக அடித்துக்கொண்டு வருகிறது. நாங்கள் கால் வைத்து வந்த பாறை ஒன்றையும் காணவில்லை. அவர் அக்கரையில் மேட்டில் ஏறி நிற்கிறார். அருவிச் சத்தத்தில் நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. ஓடை குறுகலான இடத்துக்கு இறங்கி வந்து, கையைக் குவித்துக் கத்தினார்: "நீ போ. கடைசி பஸ்ஸ வுட்டுடாத. தண்ணி வடிஞ்சா வந்துடுவேன். காலையில உங்க தெருவுல ஆரன் அடிச்சிக்கினு போறேன். யார்கிட்டயும் சொல்லாத."

போ என்றார். வந்துவிட்டேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். தலை ஏன் ஈரம் என்று அம்மா கேட்டாள். பூங்காவில் தூறல் என்றேன். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து எழுந்துவிட்டேன்.

வடிந்திருக்கும். இந்நேரம் வடிந்திருக்கும்.

31.7.98, காலை

ஆரன் கேட்கவில்லை. பால்காரர் வண்டி, பள்ளிக்கூட வேன், கரும்பு டிராக்டர். இத்தனை வண்டி ஓடுகிற தெரு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நேராகக் கடைக்குப் போயிருப்பாரோ? போக முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கும் போக முடியாது, சேலத்தில் இருக்கிறார். அப்படியானால் எங்கே இருப்பார்? உலகத்தில் ஒருத்தரும் அவரைத் தேட மாட்டார்கள். நான் ஒருத்திதான்.

31.7.98, சாயங்காலம்

சொல்லிவிடலாம் என்று அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு அத்தை புதுச் சேலையோடு அணைக்கு வருகிறாராம், தாலிக் கயிறு மாற்ற அவரையே முடிச்சுப் போடச் சொல்லலாமாம். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? ஆடியில் கூடினார்கள், இப்படி ஆனது, இவள் வந்த நேரம் என்றுதானே ஊர் பேசும். அப்பா தலைகுனிந்து நிற்பார். நாளைக் காலையில் இவரே வந்து நின்றுவிட்டால் நான் வீணாக வாயைக் கொடுத்தவள் ஆவேன்.

தண்ணி வடிஞ்சா வந்துடுவேன்னு சொன்னீங்களே. இன்னும் வடியலியா? இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க அங்க?

சாமி, அவர் கோபித்துக்கொண்டு எங்கேயாவது போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

1.8.98, சனி

விடியும்போது அப்பா மண்வெட்டியோடு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பினார். வாசலில் மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எந்தப் பக்கம் பாறை என்று மட்டும் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப் பிடிக்க ஓடினார்.

பைக் புதருக்குள் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் ஓடைப் பக்கம் ஓடினேன். ஓடை ஒன்றும் தெரியாத மாதிரி தெளிவாக ஓடியது. அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பெயர் சொல்லி.

ஆடு ஓட்டி வந்த பெண் ஒருத்தி நின்றாள். கால் உடைந்த ஆள் ஒருவர் வேடியப்பன் வீட்டில் கிடக்கிறார் என்றாள். எனக்கு உயிர் வந்தது. சங்கராபுரத்துக்காரர், பெயர் கொளஞ்சியப்பன் என்றாள். வந்த உயிர் போனது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் எதற்கும் பார்த்துவிடலாம் என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

வாசலில் கிழிசல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார் என் கொளஞ்சியப்பன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள், வீக்கம் கட்டை மீறிப் பிதுங்கியது. வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம், தண்ணீர் முழுசாக வடியும் முன்னே தாண்டப் போய் விழுந்திருக்கிறார். இரவெல்லாம் பாறையில் கிடந்தவரைக் காலையில் வேடியப்பன் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள், சங்கராபுரத்தில் சொன்னால் என் ஆட்கள் வருவார்கள் என்று இவர் பொய் சொல்ல, அந்த மனுஷன் தன் வேலையைப் போட்டுவிட்டுச் சங்கராபுரம் போயிருக்கிறார்.

"சங்கராபுரத்துல கொளஞ்சியப்பன்னு கேட்டா தெருவுக்கு நாலு பேரு நிக்கிறாங்க" என்றார் வேடியப்பன். "நேத்தே நெசத்த சொல்லியிருந்தா நேத்தே கீழ எறக்கியிருப்போம்."

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் யாரையும் பார்க்கவில்லை. போர்வையில் தூளி கட்டி நாலு பேர் சாலை வரை சுமந்து வந்தார்கள்.

2.8.98

ஆஸ்பத்திரி. சீழ் பிடித்துவிட்டதாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். கால் தப்பிவிட்டது, ஆனால் இனி கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாராம்.

அத்தை வந்தார். ஆடி, கூடியது, தோஷம், எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அதில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று மகனுடைய காலைத் தடவினார். பிறகு என்னிடம் வந்து, மெதுவான குரலில்தான் கேட்டார்.

"ரெண்டு ராத்திரி. எப்படிம்மா வாய மூடிக்கினு இருந்த?"



3.8.98, ஆடிப்பெருக்கு

அணையில் நல்ல கூட்டம். அத்தை வரவில்லை. சேலையை மட்டும் ஆள் மூலம் அனுப்பியிருந்தார். கயிற்றை அம்மாதான் மாற்றினாள்.

17.8.98

சொன்னபடி ஆவணி ஒன்றாம் தேதி அத்தை வந்து அழைத்துப்போனார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. தியாகதுருகம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

20.8.98

இவர் மாவுக்கட்டோடு கட்டிலில். அத்தை எனக்குச் சோறு போடுகிறார், படுக்கப் பாய் கொடுக்கிறார், பேச்சு மட்டும் இல்லை. இப்படித் தண்டிப்பதற்கு நாலு அறை அறைந்துவிடலாம்.

இன்றைக்கு இவருக்கு மாத்திரை வாங்கக் கள்ளக்குறிச்சி போகவேண்டியிருந்தது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முன்னால் போய் நின்று சொன்னேன்: "மருந்துக் கடைக்குப் போறேன் அத்தை. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இருக்குற கடை. வேற எங்கயும் போவல. நாலரை பஸ்ஸுல வந்துடுவேன்." தலையை நிமிர்த்தவில்லை. போய்விட்டேன்.

கடையில் மருந்து வரக் காத்திருந்ததில் நாலரை பஸ் போய்விட்டது. அடுத்தது ஆறு மணிக்குத்தான் கிடைத்தது, மழை வேறு. தியாகதுருகத்தில் இறங்கும்போது பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார். முந்தானை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலரைன்னு சொன்ன" என்றார்.

கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன்.