அப்பாவின் பரவாயில்லை

அன்பு மகளே,

இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நேற்றுக் காலை பித்தப்பையை எடுத்துவிட்டு மாலையே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், துணைக்கு ஆளில்லை, வலி எப்படியடி என்று போனில் கேட்டால் "பரவாயில்லைம்மா" என்கிறாய், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்றால் அதற்கும் பரவாயில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன், பால் பொங்கி வழிகிறது.

போன மாதம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததே, அதுவும் காலையில் போய் சாயந்திரம் திரும்பியதுதான். கிளம்பும்போது நர்ஸ் வலியைப் பற்றிக் கேட்டதற்கு இந்த மனுஷன் "பரவாயில்லை" என்றார். அந்தப் பெண்ணும் நம்பி சாதாரண மாத்திரையோடு அனுப்பிவிட்டாள். வீட்டில் ஒரு தும்மலுக்குத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் டாக்டரிடம் நானே சொன்னேன், இவர் பரவாயில்லைன்னா உயிர் போகுதுன்னு அர்த்தம் டாக்டர் என்று. சிரித்துவிட்டு மார்ஃபின் வகையில் ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். வலி அடங்கியது, ஆனால் ஓயாத வாந்தி, ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் இழுத்தது. மாற்றி அதே இனத்தில் மஞ்சள் மாத்திரை கொடுத்தார், வாந்தி நின்றது, மலச்சிக்கலும் தூக்கமும் பிடித்துக்கொண்டன, டிவி ரிமோட்டைக் காதில் வைத்து ஹலோ என்றார் உன் அப்பா. எதுதான் உசத்தி என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும்மா, நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் எங்களுக்கே தெரியும் என்றார் டாக்டர். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது, எழுப்ப முடியாத அளவு தூக்கம் வந்தால் உடனே கூப்பிட வேண்டும், வலி குறையக் குறைய மாத்திரையையும் குறைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார், நீயும் ஞாபகம் வைத்துக்கொள்.

நீ அப்படியே அப்பா ஜாடை, மூக்கு, நடை, இப்போது இந்த வார்த்தையும். நீ சொன்னது ஊரார் சொல்கிற பரவாயில்லையா, உன் அப்பா சொல்கிற பரவாயில்லையா? அவ சமாளிச்சுக்குவா, சும்மா பயமுறுத்தாதே என்று என்னை அதட்டுகிறார், அதட்டிவிட்டு போனைச் சார்ஜில் போட்டு மணிச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்ப அப்பாவிடம் சொல்கிறேன். படித்ததும் கூப்பிடு. வலித்தால் வலிக்குதும்மா என்று சொல், அழுதாலும் சரி. நான் பயப்படுவேன்தான், பயந்துவிட்டுப் போகிறேன். உன் தைரியத்தை டாக்டரிடம் மட்டும் காட்டாதே. சீக்கிரம் தேறி, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் கண்ணே.

பரவாயில்லை என்று கொஞ்சமும் சொல்ல முடியாமல் இருக்கும்,
உன் அம்மா