கையுறையைக் கழற்றும் காட்சி

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் என்னிடம் கார் ஓட்டப் பழக வந்த பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்திராவிட்டால் இந்த நாட்குறிப்பு நேற்றோடு முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கூடம் முழுக்க ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "உயிர் தப்பிச்சு வந்திருக்கேன்" என்றேன். "அந்த ஸ்பானரை எடு" என்றார். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இதுதான்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறோம். போர்க்காலக் காதல் கதை. ராணுவ அதிகாரியும் சீமாட்டியும் ஒரு ஜோடி. அதே வீட்டு டிரைவரும் சமையற்காரியும் இன்னொரு ஜோடி. இவர்களுக்குக் கதை முழுக்கச் சண்டைதான். கடைசியில் ரயிலடி. போருக்குப் புறப்படும் அதிகாரி, சீமாட்டியின் வலது கையுறையை மெல்லக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறுகிறான்.

அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். என்ன நளினம்! இப்போது யார் அப்படிப் பிரிகிறார்கள்? "சரி, வெக்கட்டுமா?" என்று போனை வைக்கிறார்கள். சீமாட்டி வேடத்தை எப்படியும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

நான் சமையற்காரி.

ஜனவரி 12, திங்கள்

நேற்று வந்த கோபத்தில் அதற்கு மேல் எழுத வரவில்லை. சீமாட்டியும் அதிகாரியும் யார்? மூன்றாம் மாடிப் பல் டாக்டரும் அவர் மனைவியும். "நீங்க முதல்ல", "பரவாயில்ல, நீங்க போங்க" என்று அவர்கள் உபசாரம் செய்து முடிப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளும். அவர்கள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சரி, பொருத்தம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவர் வேடம் என் வீட்டுக்காரருக்கு! நாடகத்தை நடத்துகிற முதல் மாடி தலைமையாசிரியர் சொல்கிறார்: "நீங்க ரெண்டு பேரும் நடிக்கவே வேணாம்மா. வீட்டுல பேசற மாதிரி பேசினா போதும். கீழ எங்க வீடு வரைக்கும் கேக்குதே."

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "சமையக்காரிக்குத்தானே வசனம் ஜாஸ்தி?" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒத்திகை. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார். பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"இண்டிகேட்டர் போடாம திரும்பறீங்க!"

"கற்பனைக் கார்ல எதுக்குடி இண்டிகேட்டர்?"

"பின்னாடி கற்பனை லாரி வந்தா?"

தலைமையாசிரியர் இதை அப்படியே வசனத்தில் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளைக் கையுறை இன்னும் தைத்து வரவில்லை. டாக்டர் வெறுங்கையில் கழற்றுவதுபோல் பாவனைதான் செய்தார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது.

ஜனவரி 25, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் கையுறையோடு கண்ணாடி முன் நின்று, சீமாட்டிபோல் வலது கையை நீட்டிப் பார்த்தேன். சோப்பு ஒத்துக்கொள்ளாத கைக்குக் கிடைத்த கையுறை இதுதான். அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "சிங்க் அடைச்சுக்கிச்சா?" என்றார்.

"அந்த ரயிலடிக் காட்சியைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "ரயில் புகை விடறது நான்தானே? என் கண்ணு டிரை ஐஸ் மேலதான்" என்றார்.

இவர் வேலை விஷயமாக மூன்று மாதம் வெளியூர் போகிறார் – மீன் கிடங்கு ஒன்றுக்குக் குளிர்பதன இயந்திரங்கள் பொருத்த. கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நாள் பிரிந்ததில்லை. போகும்போது அந்த அதிகாரிபோல் ஏதாவது ஒன்று செய்யமாட்டாரா? பேசக்கூட வேண்டாம். கேட்டால் செய்வார்தான். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 7, சனி

நாடகம் முடிந்தது. எப்படி எழுதுவேன்!

கற்பனை லாரி கைதட்டலை அள்ளியது. பிறகு ரயிலடி. புகை. மங்கலான விளக்கு. வெள்ளைக் கையுறையோடு சீமாட்டி கையை நீட்டினாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தினமும் எத்தனை கையுறை கழற்றுகிற கை அது! டாக்டர் மணிக்கட்டில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, உட்புறம் வெளியே வருகிற மாதிரி ஒரே இழுப்பு. நேராகப் போய், அலங்காரத்துக்கு வைத்திருந்த குப்பைத் தொட்டியின் பெடலை மிதித்து உள்ளே போட்டார். போட்டுவிட்டுப் போருக்குப் போனார். அடுத்த நோயாளியைக் கூப்பிடாததுதான் பாக்கி.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். சீமாட்டியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாடிப்படியில் அவள் வெடித்தாள். "வீட்டுலயும் இப்படித்தான்! என் கையைப் பேஷன்ட் கை மாதிரிதான் பிடிக்கிறீங்க!"

"மெதுவா பேசுங்க, ப்ளீஸ்."

"ப்ளீஸ் சொல்லாதீங்க!"

தலைமையாசிரியர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "நீங்கதான்னு நினைச்சேம்மா."

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டரின் மனைவி வந்தாள். "இவ்வளவு சத்தமா சண்டை போட்டுட்டு மறுபடி எப்படிப் பேசிக்கிறீங்க?" என்று கேட்டாள். "பழக்கம்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? டாக்டர் கையுறையைத் தொட்டியிலிருந்து தேடி எடுத்து, கிருமிநீக்கம் செய்து கொண்டுவந்து கொடுத்தாராம். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

இவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டியில் ஸ்வெட்டர் வைத்ததற்குச் சண்டை. "ஐஸுக்குள்ளயே வேலை பாக்கறவனுக்கு ஸ்வெட்டரா?" பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். நான் கிட்டே ஓடினேன்.

"கேஸை மூடினியா?"

மூன்று மாதத்துக்குமான கடைசி வார்த்தை இது! வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். முறைப்படி இண்டிகேட்டர் போட்டுத்தான் நிறுத்தினேன்.

அதே நாள், மாலை

பாத்திரம் தேய்க்கப் போனேன். மஞ்சள் கையுறையில் ஒன்றைக் காணோம். சிங்க்குக்கு அடியில் பார்த்தேன். ஜன்னல் விளிம்பு, துணிக்கூடை, இவருடைய பழைய டூல் பாக்ஸ், எங்கும் இல்லை. காலையில் இரண்டும் இருந்தன, நான்தானே காயப்போட்டேன்! இந்த மனிதரைக் கேட்டால்தான் தெரியும் என்று போனை எடுத்தேன்.

எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். இருப்பது இடது கை. போயிருப்பது வலது.

டிரை ஐஸ் மேலதான் கண்ணாம்!

போன் பண்ணவில்லை. வலது கையை வெறுமனே விட்டு எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்து முடித்தேன். கை எரிகிறது. எரியட்டும்.