தாய்வழிக் குறை

சங்கரன்கோவில்,
12.11.1982

கர்த்தருக்குள் பிரியமான தம்பி அருமைநாயகத்துக்கு, அக்கா கனகமணி எழுதுவது.

இதற்குள் என் தந்தி உன் கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டாலும், முகாமில் கொடுக்கிற மலேரியா மாத்திரையை வாயில் வைக்காதே. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இப்போதே எழுந்து போய் உங்கள் டாக்டரைப் பார். கூட இருக்கும் ஆங்கிலக் குறிப்பு அவருக்கு. மற்றதை அப்புறம் வாசித்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ரோடு போடுகிற காட்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றும், இருபதாம் தேதியிலிருந்து எல்லாருக்கும் மாத்திரை என்றும் எழுதியிருந்தாய். அஸ்ஸாமுக்குக் கடிதம் வந்து சேர எட்டு நாளாவது ஆகும். அதனால் இன்று காலை பள்ளிக்கூடம் போகுமுன் தந்தி கொடுக்கப் போனேன். 'மாத்திரை சாப்பிடாதே' என்று நான் எழுதியதை வாசித்த தபாலாபீஸ் நஜ்முதீன், "டீச்சர், இத மட்டும் பாத்து ஒங்க தம்பியோட ஆபீசர் ஒத்துக்கிடுவாரா? காரணத்தையும் சேத்துப் போடுங்க" என்றார். 'குடும்பத்தில் ரத்தக் குறை, டாக்டர் கடிதம் வருகிறது' என்று சேர்த்தேன். அந்த மனிதர் கேட்டிராவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. அந்த நிலையில்தான் இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாணிக்கராஜ் காலாண்டு லீவுக்கு வாசுதேவநல்லூரில் அத்தானுடைய அப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். அக்டோபர் கடைசியில் குளிர்காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்று மாத்திரை தந்தார்கள். நான்தான் வேளை தவறாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை அவனுக்குக் கட்டங்காப்பி மாதிரி மூத்திரம் கறுத்துப் போனது. உதடு வெளுத்து, கண் மஞ்சளாகி, படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கினான். சளி இல்லை, இருமல் இல்லை. காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பிள்ளை மூச்சுக்குத் தவித்தான்.

டாக்டர் பெருமாள்சாமி முதலில் காய்ச்சலின் கடுமை என்றே நினைத்தார். அடுத்த வேளை மாத்திரையை நர்ஸ் எடுத்து வந்துவிட்டாள். அப்போது நம் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுக்காத தாயி. இதே நெறத்துலதான் எம் மூத்த பிள்ளைக்கும் போச்சு. மாத்திரை குடுத்த மூணாம் நாளு" என்றார்கள். ஏசுதாசன் அண்ணனைப் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். டாக்டர் என்னை விட்டுவிட்டு அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வயது, எத்தனை நாள், அம்மாவுடன் பிறந்த ஆண்பிள்ளைகள் யாருக்காவது இப்படி உண்டா என்று. மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டார். அத்தானுடைய ரத்தம் அவனுக்குப் பொருந்தியது, ஒரு பாட்டில் ஏற்றினார்கள். இப்போது மாணிக்கராஜ் வீட்டில் இருக்கிறான். கஞ்சி குடிக்கிறான். சைக்கிள் கேட்டு நச்சரிக்கிறான்.

மாணிக்கராஜ், அம்மா, நான் என்று மூன்று பேர் ரத்தமும் மதுரைக்குப் போய், முந்தாநாள் முடிவு வந்தது. நம் சிவப்பணுக்களைக் காப்பாற்றுகிற ஒரு நொதி அவனுக்கு மிகக் குறைவு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. சில மாத்திரைகள் உள்ளே போனால் அணுக்கள் உடைந்து போகும். பிராணவாயுவைச் சுமக்க ஆள் இல்லாமல் போய்விடும். நுரையீரல் நன்றாக இருந்தும் அவன் தவித்தது அதனால்தான். பதினொரு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு நொதியும் சுவாசமும் நடத்துகிறேன். என் பிள்ளை கண்முன்னால் மூச்சுத் திணறும்போது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

குறை இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் உண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு இருப்பது ஒன்றே, அதுவும் அம்மா கொடுத்தது. அம்மாவிடம் இருந்து எனக்கு வந்தது, என்னிடம் இருந்து அவனுக்குப் போனது. உனக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. வகுப்பில் அந்தப் 'பாதி'யை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்கு உன் முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை. ரத்தம் சோதிக்காமல் அந்த மாத்திரை வேண்டாம். காய்ச்சல் வந்தால் வேறு மருந்து இருக்கிறது, குறிப்பில் டாக்டர் எழுதியிருக்கிறார்.

முடிவைச் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். "அய்யா, அன்னைக்கி நான் எண்ணாம கூடுதலாக் குடுத்திட்டேனா? எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று கேட்டார்கள். சரியாக எண்ணிக் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். தன் மூலமாக வந்தது என்பதும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பிறகு கேட்டது ஒன்றுதான். "அப்ப அருமைக்கு?"

அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போகிறார்கள்.

அருமை, அப்பா சாகிறவரைக்கும் அம்மாவை ஒரே சொல்லால் அடித்துக்கொண்டிருந்தார், எண்ணத் தெரியாமல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவள் என்று. நாமும் அதைக் கேட்டே வளர்ந்தோம். அப்பாவின் அடக்கம் முடிந்த அன்று அம்மாவிடம் கோபத்தில் நீயும் அதையே சொல்லிவிட்டுப் புறப்பட்டாய். மூன்று வருஷமாக எனக்குத்தான் எழுதுகிறாய். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்பா பேசும்போதெல்லாம் நானும் வாய் திறக்காமல்தான் இருந்தேன்.

அம்மா அந்த மூன்று நாளை மறக்காமல் வைத்திருந்ததால் என் மகன் பிழைத்தான். இதை அவர்களிடம் நான் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். நான் சொல்வது அவர்களுக்குப் போதவில்லை.

இங்கே மூன்று நாளாக மழை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகி, எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருக்கிறோம். அத்தான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

சோதனை முடிவு எதுவானாலும் எனக்கு எழுதாதே. ஞானபாய் அம்மாள் என்று விலாசம் போட்டு அம்மாவுக்கு எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு வரி போதும். முதல் வரியில் 'அம்மா' என்று இருக்கட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அக்கா,
கனகமணி