மரகதத்துக்கு வராத கட்டி

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு டிவியில் பஸ்ஸில் நீ முணுமுணுக்கிற அந்த நாடகத்தின் பாட்டு கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எங்கள் டிவியைப் போட்டேன். பழைய நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். இப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் வலியால் வேலையை விட்டாயிற்று, பார்க்க நேரம் உண்டு. ஒரு நாளும் தவறவில்லை. நேற்று கடைசிப் பகுதியும் முடிந்துவிட்டது. மரகதத்துக்குக் கட்டி வரவேயில்லை.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு டிவி மின்னலில் கருகிப்போன வருடம் உனக்கு ஞாபகமிருக்கும். உங்கள் வீட்டில் டிஷ் இருந்தது. கண்டிப் புடவைக் கடையில் நம் இருவருக்கும் நாள் முழுக்க நிற்கிற வேலை. ஆள் வராத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் காலை பஸ்ஸில் சீட் கிடைத்துவிட்டால் நமக்கு அன்றைக்குப் பெருநாள். உட்கார்ந்ததும் முந்தின நாள் கதையை ஆரம்பித்து வத்தேகம தாண்டும்வரை சொல்லுவாய். முன் சீட்டுக்காரர்கள் தலையைத் திருப்பாமல் காதை மட்டும் நம் பக்கம் வைத்திருப்பார்கள்.

இந்தியாவில் எடுத்த நாடகம். அதில் மூத்த மருமகள்தான் மரகதம். நீ சொன்ன மரகதம் கோபம் வந்தால் கத்தமாட்டாள், கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவுவாள். தனக்கு ஊற்றிய பாலில்லாத பிளேன்டீயை ஒரு நாளும் சூடாகக் குடித்தவளில்லை. புருஷனைப் பற்றிக் கோழியிடம் கோள் சொல்லுவாள். ஒரு பகுதிகூடப் பார்க்காமலே அவளை என் சொந்தக்காரி மாதிரி எனக்குத் தெரிந்தது.

"எத்தனையோ நாடகம் பாத்தாச்சு. இவ மட்டும் எப்படிப் புள்ள மனசுல இப்படி நிக்கிறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ வராத நாள்லயும் அவ என்னா செஞ்சிக்கிட்டு இருப்பான்னு நமக்குத் தெரியுதுல்ல, அதான்" என்றாய்.

நான் விடவில்லை. எதிலும் கடைசிப் பேச்சு என்னுடையதாக இருக்க வேண்டுமே. "அதெல்லாம் இல்ல. எல்லாத்தையும் தாங்குறா, வாயத் தொறக்கிறதில்ல. அதான் அவ பெரிய ஆளு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் மரகதத்துக்கு மார்பில் கட்டி வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லுக்குப் படிக்கிறாள். தெரிந்தால் புத்தகத்தை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள் என்று மரகதத்துக்குப் பயம். இதைச் சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய்.

"நீ என்னா சொல்ற? அவ சொல்லிறலாமா?"

"ஐயோ, சொல்லக்கூடாது புள்ள! சொல்லிட்டா அவளும் நம்மள மாதிரி சாதாரணப் பொம்பளையாப் போயிருவா. பரீட்ச முடியட்டும். அப்பதான் கதையும் இழுக்கும்."

"பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"இருக்கட்டுமே. அவ தாங்குவா."

"சரி, அப்ப சொல்லமாட்டா" என்றாய். மழைக்கு மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கண்டிவரைக்கும் வந்தாய்.

உன் மகள் பரீட்சை எழுதி முடித்த அடுத்த கிழமை நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். நாலைந்து மாதம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதாக உன் புருஷன் சாவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. மரகதத்துக்கு வந்த நோய் என் கூட்டாளிக்கும் வந்துவிட்டதே என்றுதான் நான் ஒப்பாரி வைத்தேன்.

இந்த இரண்டு மாதமும் நான் பார்த்த மரகதம் வேறு ஒருத்தி. பட்டுச் சேலையும் நகையுமாக அடுப்படியில் நிற்கிறாள். கோபம் வந்தால் வீடு அதிரக் கத்துகிறாள். கோழியும் இல்லை, ஆறிப்போன பிளேன்டீயும் இல்லை. மகள் என்ன, அவளுக்குப் பிள்ளையே இல்லை. இந்தியா நாடகத்தில் நம் நாட்டு ஏ.எல். பரீட்சை எப்படி வரும் என்று அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? கழுவின சட்டியைத் திரும்பக் கழுவுகிறவள் நீதான். உன் வீட்டுப் பின்பக்கம் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எல்லாம் நீதான் புள்ள. அந்த பஸ்ஸில் நீ என்னிடம் யோசனை கேட்டாய். நான் நாடகம் பார்க்கிறவளாக உட்கார்ந்து பதில் சொன்னேன்.

உன் மகள் இப்போது டீச்சர். போன கிழமை என்னைப் பார்க்க வந்தாள். "அம்மா ஏன் சின்னம்மா முந்தியே சொல்லல? ஒங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். தன் பரீட்சைக்காக என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும் என்று ஒரு பயம். நான் சொன்ன பதிலால் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு என் முகத்தில் முழிப்பாளா என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு நாளைக்கு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லத்தான் வேண்டும்.

நீ உண்டாக்கிய மரகதம் பெரிய பாத்திரம்தான். அப்படி ஒருத்தியை எந்த நாடகத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் எனக்கு அவள் வேண்டாம். நீ அன்றைக்கே வாய் திறந்து அழுது, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சலித்து, அந்த டாக்டரையும் நர்சையும் திட்டித் திட்டி என் காதைப் புளிக்கவைத்துக்கொண்டு, ஒரு சாதாரணப் பொம்பளையாக இன்றைக்கும் இருந்திருக்கலாம். சொல்லிவிடு புள்ள என்று ஒரு வார்த்தை என் வாயில் வராமல் போயிற்றே.