மேல்சிறகைத் தாழ்த்தியவன்

தூசி படக்கூடாதென்று உன் மர விமானத்தை அலுமாரிக்குள் வைக்கப் போனேன். இன்னும் பசை மணக்கிறது.

கடுகண்ணாவை ஊர் மரப்பட்டறையில் நாம் இருவரும் செய்தது. நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் சண்டை விமானத்தின் மாதிரி. மேலொன்று கீழொன்றாக இரட்டைச் சிறகு. வெளிநாட்டிலிருந்து வந்த ஓடர். முதலாளி படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அசல் விமானத்தின் உடம்பும் ஒட்டுப்பலகைதான் என்று கேட்டதும் நீ துள்ளினாய்.

“மச்சான், ஜெர்மன்காரனும் தேயிலப் பெட்டிப் பலகையிலதான்டா சண்டைக்குப் போயிருக்கான்!”

முதலாவதை முடித்ததும், விமானி உட்காரும் குழிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாய். மேல்சிறகு முன்னால் மறித்தது.

“சுட ரெண்டு துவக்கு குடுத்திருக்கான். எதிர்ல வர்றவன் தெரிய வேணாமா? நம்ம லயத்துக் காம்பரா மாதிரியே கட்டியிருக்கான்.”

அடுத்ததில் தாங்குகுச்சிகளைக் குட்டையாக அறுத்து, கண்ணை மறைக்காதபடி மேல்சிறகைத் தாழ்த்திவிட்டாய்.

“படத்துல உள்ளதச் செய். நீ என்ன இஞ்சினியரா?” என்றார் முதலாளி. அன்றோடு உன் வேலை போனது. நீ தாழ்த்தியதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியைப் படத்திலுள்ளபடியே செய்து கொடுத்தேன்.

நம் தோட்டத்து லயம் வரிசை வீடு; குடும்பத்துக்கு ஒரு காம்பரா, காம்பராவுக்கு ஒரு கதவு. பின்சுவரில் ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைக்கத் தோட்டத்து ஒபிசுக்குக் கடிதம் கொடுத்தாய். லயம் தோட்டத்துச் சொத்து, ஆணி அடிப்பதென்றாலும் கேட்க வேண்டும் என்றார்கள். நீ உளியை எடுத்தாய். நான்தான் தடுத்தேன்.

“பேசாம இருடா. ஒரு ஜன்னலுக்காகக் காம்பராவயும் புடுங்கிருவாங்க.”

“சரி, நீ சொல்ற. வச்சிர்றேன்” என்று உளியை என்னிடமே தந்தாய்.

பட்டப்பகலில்தான் லயம் தீப்பிடித்தது. வாசல் பக்கம் முழுக்க நெருப்பு. நீ காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தாய். பின்பக்கம் ஓடினோம். உள்ளிருந்து நீ சுவரைத் தட்டினாய்; வெளியிலிருந்து நான் இரும்பு அலவாங்கால் இடித்தேன். கல் பெயர்ந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது. பிறகு பெரிய ஆட்கள் வந்தார்கள். பாயும் சீனியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போன வாரம் போனில் படித்தேன். அந்த ஜெர்மன் விமானத்தில் முன்னால் தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வகையில் மேல்சிறகைத் தாழ்த்தியிருக்கிறார்கள். நீ செய்ததையேதான், மச்சான். ஆளைக் கொல்லச் செய்த விமானத்தில்கூட, உள்ளே இருக்கிறவன் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்.

இன்று காலை என் காம்பராவின் பின்சுவரில் உளியை வைத்தேன். சத்தம் கேட்டுக் கங்காணி வந்தார்.

“யாருகிட்டடா கேட்ட?”

“யாருகிட்டயும் கேக்கலண்ணே.”

“தோட்டத்துத் தொர ஆள் அனுப்பி அடைப்பாரு.”

“அடைக்கட்டும். திரும்ப ஒடைப்பேன்.”

ஓட்டையில் இப்போது கை நுழைகிறது. தலையும் தோளும் நுழையும்வரை உன் உளியைக் கீழே வைக்கமாட்டேன்.